ஸ்டேஷனில் இருந்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் எப்படி எடுப்பது? (சம்பவ இடம், கல்வெட்டு, நகை, இரவு வானம்: எல்லோரும் வாருங்கள்)

கரூர் கேமரா

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், இவைதான் பிழைப்பு. பூட்டு உடைத்துத் திருட்டு, விபத்து என்று ஏதாவது நடந்தால், போலீஸ் துறையின் போட்டோகிராபர் வந்து சேர நேரமாகும் என்பதால் சில சமயம் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். இதற்கென்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்யாணத்தில் எடுக்கிற மாதிரியே எடுத்துக் கொடுத்துவிடலாமா, இல்லை இதற்கு வேறு முறை இருக்கிறதா?

கையில் இருப்பவை: 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் பாடி, 24-70, 50 எஃப் 1.8, 100 மேக்ரோ லென்ஸ்கள், இரண்டு ஃபிளாஷ், டிரிகர், டிரைபாட். இங்கே பறவை, கல்வெட்டு, நகை, நட்சத்திரம் என்று ஆளுக்கொரு பக்கம் எடுக்கிறீர்கள். உங்கள் பக்கத்து உத்தி ஏதாவது இதற்கு உதவும் என்றாலும் சொல்லுங்கள்.

பழைய நெகட்டிவ்

தம்பி, நான் துறையில் போட்டோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். எது எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். சம்பவ இடத்துப் படத்தைப் பார்க்கும் நீதிபதி அங்கே வராதவர். வருடக்கணக்கில் கழித்துத்தான் அந்தப் படம் அவர் மேசைக்குப் போகும். அதற்குள் அந்த வீடு வெள்ளையடித்து வாடகைக்கே போயிருக்கும். அவர் அந்த அறைக்குள் நடந்து போகிற மாதிரி படங்கள் வரிசையாக இருக்க வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இதில் இருந்து பிறந்தவைதான்.

முதல் ஃபிரேம் ஒரு அட்டை. குற்ற எண், தேதி, நேரம், இடம், எடுப்பவர் பெயர். அப்புறம் வெளியே தெரு, வீட்டு முகப்பு, கதவு எண். உள்ளே போனால் அறையின் நான்கு மூலைகளில் இருந்தும் கண் மட்டத்தில் ஒவ்வொன்று. ஒரு படத்தின் ஓரத்தில் இருக்கும் பீரோ அடுத்த படத்திலும் கொஞ்சம் தெரிய வேண்டும், அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும். இது தூரக் காட்சி.

அடுத்தது நடுத்தரக் காட்சி. நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். அறை முழுக்க ஒரு படம், கத்திக்கு ஒரு படம் என்று கொடுத்தால், அந்தக் கத்தி அந்த அறையில்தான் கிடந்தது என்பதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை. கட்டில் காலும் கத்தியும் ஒரே ஃபிரேமில் வரும்படி ஒன்று வேண்டும். கட்டில் காலுக்கும் கத்திக்கும் சம தூரத்தில், இரண்டும் சேர்ந்து முக்கோணம் போல அமையும் இடத்தில் நின்று எடுத்தால் இடைவெளி பொய் சொல்லாது. ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் வைத்துப் பார்த்தால் தூரம் சுருங்கிவிடும்.

கடைசியாகக் கிட்டக் காட்சி. ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேலோடு அதே ஃபிரேமில் இன்னொன்று. ஸ்கேல் இல்லாத படம் எதற்கு என்றால், ஸ்கேலுக்கு அடியில் எதையாவது மறைத்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். தடயங்களுக்குப் பக்கத்தில் நம்பர் அட்டைகள் வைப்பதற்கு முன் முழு இடத்தையும் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

படம் சரியில்லை என்று அழிக்கவே கூடாது. 0412க்கு அடுத்து 0414 வந்தால் 0413 எங்கே என்று கேள்வி வரும். ஆடிப்போன படமாக இருந்தாலும் இருக்கட்டும்.

ஃபிலிம் காலத்தில் யாஷிகாவில் 120 ரோல் போட்டால் 12 ஃபிரேம்தான். ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிம். அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, எதை எடுக்கப்போகிறோம் என்று தீர்மானித்துவிடுவோம். இப்போது கார்டில் ஆயிரம் படம் கொள்ளும் என்றாலும் அந்த ஒரு சுற்றை நடந்து பாருங்கள். எங்கே கால் வைக்கக் கூடாது என்பதாவது தெரியும்.

கொக்கு பறக்குது

நான் பறவை ஆள். அண்ணன் சொன்னதைப் பார்த்தால் எஃப் 1.8ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் போலிருக்கிறது. நாங்கள் பின்னணியைக் கரைப்பதற்குத்தான் லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம், உங்களுக்கு அந்தப் பின்னணிதான் சாட்சி!

பழைய நெகட்டிவ்

சரியாகச் சொன்னீர்கள். அறைக்குள் எஃப் 8, எஃப் 11 என்று லென்ஸின் திறப்பைச் சுருக்கி, பின்னணியும் தெளிவாக விழும்படி எடுக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் டிரைபாட், இல்லை கூரையில் பட்டுத் திரும்பும்படி ஃபிளாஷ். ஆனால் 50 லென்ஸை வீட்டில் வைக்க வேண்டாம், அதையே எஃப் 8இல் வைத்து எடுக்கட்டும்.

கரூர் கேமரா

அண்ணே, ரொம்ப நன்றி. நடுத்தரக் காட்சியை நான் யோசித்ததே இல்லை. இன்னொரு சந்தேகம். காம்பவுண்டு சுவர் ஓரம் ஈர மண்ணில் ஷூ தடம் இருந்தால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, கேமராவின் மேல் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் தட்டையாக, ஒன்றுமே இல்லாத மாதிரி வருகிறதே?

கல்வெட்டுக் கிறுக்கன்

இதற்கு நான் வருகிறேன். மண்ணில் பதிந்த தடமும் கல்லில் வெட்டிய எழுத்தும் ஒளிக்கு ஒன்றுதான். இரண்டிலும் நிற வேறுபாடு கிடையாது, பள்ளம் மட்டும்தான். பள்ளத்தைக் காட்ட நிழல் வேண்டும். நேரே முன்னால் இருந்து அடிக்கிற ஒளி நிழலை அழித்துவிடுகிறது.

கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டை உச்சி வெயிலில் எடுத்துப் பாருங்கள், சில நேரம் வெறும் கல்தான் தெரியும். அதே கல்லை, சூரியன் சுவரை ஒட்டிச் சாய்வாக வருகிற நேரத்தில் எடுத்தால் தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும். வெயில் வராத பிரகாரத்துக்குள் நாங்கள் இரண்டு பேராகப் போவோம். ஒருவர் கேமரா, இன்னொருவர் டார்ச்சைக் கல்லை ஒட்டி, ஏறத்தாழ உரசுகிற மாதிரிச் சாய்த்துப் பிடிப்பார். வெளியே நல்ல வெயில் இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும், வெயிலை வாங்கி உள்ளே திருப்பி விடலாம். டார்ச்சைவிட அது சீரான ஒளி.

உங்கள் மண் தடத்துக்கும் ஃபிளாஷைக் கேமராவில் இருந்து கழற்றித் தள்ளிப் பிடியுங்கள், தரையில் இருந்து 10 முதல் 30 டிகிரிக்குள். ஒரு பக்கம் மட்டும் போதாது. ஒளி வருகிற திசைக்கு இணையாக ஓடுகிற கோடுகள் நிழல் போடாது, காணாமல் போகும். நான்கு பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். வெயில் அடித்தால் குடையோ போர்வையோ பிடித்து மறைத்துவிட்டு அப்புறம் ஃபிளாஷ்.

ஒரு எச்சரிக்கை. ஒளி படத்தின் கீழ்ப்பக்கத்தில் இருந்து வந்தால் கண் ஏமாறும். பள்ளம் மேடாகவும், மேடு பள்ளமாகவும் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை நினைத்துக்கொண்டு பார்ப்பதால் வருகிற வினை. நிலாவின் குழிகள் சில படங்களில் கொப்புளம் மாதிரித் தெரிவதும் இதனால்தான். கல்வெட்டில் வெட்டெழுத்தைப் புடைப்பெழுத்து என்று வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒளி எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள், இல்லை சின்ன அம்புக்குறி ஒன்றை ஃபிரேமின் ஓரத்தில் வையுங்கள்.

பழைய நெகட்டிவ்

கிறுக்கன் சார் சொன்னது நூற்றுக்கு நூறு. மண் தடத்தில் இன்னும் இரண்டு விஷயம்.

கேமராவை டிரைபாடில் தலைகீழாகக் கவிழ்த்து, சென்சார் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் கேமராவும் அந்தச் சரிவுக்கு இணையாகச் சாய வேண்டும், குமிழ் மட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இரண்டாவது, ஸ்கேலைத் தடத்துக்குப் பக்கத்தில் மண்ணின் மேல் அப்படியே வைத்துவிடுவார்கள். தடம் 1 செ.மீ. ஆழம் என்றால் ஸ்கேல் மேலே, ஷூவின் அடிப்பகுதி பதிந்த இடம் கீழே. கேமரா ஸ்கேலில் இருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் தடம் 51 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 280 மி.மீ. நீளத் தடம் ஸ்கேலின் கணக்குப்படி 274 சொச்சம்தான் காட்டும். ஐந்தரை மி.மீ. குறைகிறது. ஷூ அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மி.மீ. சொச்சம். அரை சைஸ் என்றால் நாலே கால். ஆக, சந்தேகப்படுபவரின் ஷூ பொருந்தவில்லை என்று சொல்ல இந்த ஒரு பிழையே போதும். தடத்தின் ஓரத்தில், தொடாத தூரத்தில், மண்ணைச் சின்னதாகப் பறித்து ஸ்கேலைத் தடத்தின் அடி மட்டத்துக்கு இறக்குங்கள். பறிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிட்டு!

வீட்டுக்குள் மொசைக் தரையில் தூசித் தடம் இருந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையிலேயே படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தபோது இல்லாத தடமெல்லாம் தெரியும். அதனால்தான் அறைக்குள் யாரும் நடப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

மேக்ரோ மாலா

நகைக்கடை கேட்டலாக், பழைய நாணயம், சனி ஞாயிறு பூச்சி. இதுதான் என் உலகம். கைரேகை பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

கைரேகைக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு, நிஜ அளவில் ஒரு அங்குலத்துக்கு 1000 பிக்சல். கரூர் அண்ணாவின் 24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000. வகுத்துப் பாருங்கள்: ஃபிரேமுக்குள் 6க்கு 4 அங்குல இடத்துக்கு மேல் அடங்கினால் அந்த அளவு கிடைக்காது. ஒரு உள்ளங்கையை ஒரே படத்தில் எடுத்தால் தரம் விளிம்பில் நிற்கும். ஒரு விரல் ரேகைக்கு 100 மேக்ரோவில் இன்னும் கிட்டே போகலாம், தாராளம்.

பளபளப்பான பரப்பில் ரேகை இருந்தால்? பாலிஷ் போட்ட நாணயத்துக்கு நாங்கள் செய்கிற வேலை இதற்கும் ஒத்து வரும். லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே ஒரு சுத்தமான கண்ணாடித் தகட்டை 45 டிகிரியில் சாய்த்து, பக்கவாட்டில் இருந்து ஒளி விட்டால், அது தகட்டில் பட்டு நேர் கீழே இறங்கி, நாணயத்தில் பட்டு நேர் மேலே லென்ஸுக்குள் வரும். லென்ஸின் வழியாகவே விளக்கு எரிகிற மாதிரி. பளபளப்பான உலோகம் வெள்ளையாகவும் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகவும் விழும்.

அப்புறம் புற ஊதா. மழைக்காலத்தில் தேளை 365 நானோமீட்டர் டார்ச்சில் பார்த்திருக்கிறீர்களா, பச்சை நீலமாக ஒளிரும். அதைப் படம் எடுக்கும்போது டார்ச்சில் இருந்து கசிகிற ஊதா வெளிச்சத்தைத் தடுக்க லென்ஸுக்கு முன் மஞ்சள் ஃபில்டர் போடுவேன். தடயவியலில் உடல் திரவக் கறைகளைத் தேடுவதும் இதே கதைதான். 450 நானோமீட்டர் நீல ஒளியை அடித்து, ஆரஞ்சு ஃபில்டர் வழியாகப் பார்ப்பார்கள். அடித்த நீலத்தை ஃபில்டர் விழுங்கிவிடும், கறை திருப்பி உமிழ்கிற வெளிச்சம் மட்டும் கேமராவுக்கு வரும். ரத்தம் அப்படி ஒளிராது, ஒளியை உறிஞ்சிக் கறுப்பாகத் தெரியும். கறுப்புச் சட்டையில் ரத்தமோ துப்பாக்கிப் புகைக்கரியோ இருந்தால் புற ஊதாவை விட அகச்சிவப்புதான் கை கொடுக்கும். பல துணிச் சாயங்கள் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும், கரி மட்டும் கரியாகவே நிற்கும்.

நெடுஞ்சாலை நாயகன்

விபத்துக்கான இன்சூரன்ஸ் சர்வே என் வேலை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: 50 மி.மீ. தவிர வேறு எதிலும் எடுக்காதீர்கள். கண் பார்ப்பது 50 மி.மீ. மாதிரி. 24இல் எடுத்தால் லாரிக்கும் பைக்குக்கும் நடுவே மைதானமே இருக்கிற மாதிரித் தெரியும். 200இல் எடுத்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். இரண்டும் பொய்.

கல்வெட்டுக் கிறுக்கன்

நாயகன் சார், இதில் எனக்கு உடன்பாடில்லை. பொருள்களுக்கு இடையிலான அளவுப் பொருத்தத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கிற இடம்தான், லென்ஸ் இல்லை. ஒரே இடத்தில் நின்று 24இலும் 50இலும் எடுங்கள். 24 படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் 50 படமேதான். எட்டுக்குப் பத்தடி அறையில் 50ஐ வைத்துக்கொண்டு சுவருக்குள்ளா போய் நிற்பது?

நெடுஞ்சாலை நாயகன்

கணக்கு சரி. ஆனால் நீதிமன்றத்தில் யார் நடுப்பகுதியை வெட்டிப் பார்க்கிறார்கள்? மொத்தப் படத்தைத்தானே பார்க்கிறார்கள்?

பழைய நெகட்டிவ்

இரண்டு பேர் சொல்வதும் பாதி பாதி. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

படத்தை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேமில் 36 மி.மீ. அகலப் படத்தை 12க்கு 8 அங்குலப் பிரிண்டாகப் போட்டால் ஏறத்தாழ எட்டரை மடங்கு பெரிதாக்குகிறோம். 50 மி.மீ. லென்ஸில் எடுத்ததைப் பார்க்கச் சரியான தூரம் அதே எட்டரை மடங்கு: 42 செ.மீ. கையில் பேப்பர் பிடித்துப் படிக்கிற தூரம்! அதனால்தான் 50 இயல்பாகத் தெரிகிறது. 24இல் எடுத்ததை 20 செ.மீ. தூரத்தில், மூக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் அதுவும் இயல்பாகத்தான் தெரியும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, அதனால் அறை பெரிதாகத் தெரிகிறது.

ஆக, சாலையிலும் திறந்த வெளியிலும் 50. சின்ன அறையில் வேறு வழியில்லை, 24 அல்லது 28. ஆனால் தூரம் முக்கியமான இடத்தில் டேப் பிடித்து அளந்து வரைபடத்தில் போட வேண்டும், படத்தை நம்பித் தூரம் சொல்லக் கூடாது. பார்வை மகஜரோடு, அதாவது சம்பவ இடத்தில் கண்டதைப் போலீஸ் எழுதும் குறிப்போடு, மாதிரி வரைபடமும் போடுவது அதற்காகத்தான்.

படத்தில் இருந்தே அளவெடுக்க வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. பாரிஸ் போலீஸில் அல்போன்ஸ் பெர்த்தியோன் இருந்தாரே, குற்றவாளிகளை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுக்கிற முறையைக் கட்டமைத்தவர், அவர் உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றிப் பிணத்தை நேர் மேலிருந்து எடுப்பார். படத்தை ஒட்டுகிற அட்டையின் ஓரங்களில் அளவுக் கோடுகள் அச்சடித்திருக்கும், அதை வைத்துத் தூரம் கணக்கிடலாம். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது டிரோன், லேசர் ஸ்கேனர் என்று செய்வதும் அந்த ஆசையின் தொடர்ச்சிதான்.

நாயகன் சாருக்கு ஒரு கேள்வி. ஓட்டுநருக்கு என்ன தெரிந்தது என்று காட்ட எந்த உயரத்தில் எடுக்கிறீர்கள்?

நெடுஞ்சாலை நாயகன்

கார் என்றால் 1.2 மீட்டர். சாலைப் பொறியாளர்கள் ஓட்டுநரின் கண் உயரம் என்று கொள்கிற கணக்கு அது. லாரி என்றால் அந்த வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து அளந்துகொள்வேன். நின்றுகொண்டு எடுத்தால் நடுவில் இருக்கும் செடி மறைத்ததா என்பதே மாறிவிடும். பிரேக் தடத்தையும் இரண்டு திசையில் இருந்தும், தடத்தின் நீளவாக்கிலேயே எடுப்பேன். குறுக்கே நின்று எடுத்தால் பல நேரம் தெரியாது.

42 செ.மீ. கணக்கு நன்றாக இருக்கிறது அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன். 24ஐத் திட்டுவதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

விண்மீன் வேட்டை

இரவு என்றதும் மூக்கை நுழைக்கிறேன். ரத்தக் கறையில் தெளித்தால் இருட்டில் நீலமாக ஒளிரும் லுமினால் என்ற ரசாயனத்தைப் படம் எடுப்பதைப் பற்றித் தடயவியல் படிக்கும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டாள். பால்வீதி எடுப்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் அதில் இருக்கிறது. டிரைபாட், ரிமோட், வெளிச்சம் இருக்கும்போதே ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றி டேப் ஒட்டிவிடுவது, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600, அரை நிமிடம்.

ஆனால் ஒரு இடத்தில் அவள் சிக்கியிருந்தாள். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு ஆன் ஆகியிருந்தால், 30 விநாடி படம் எடுத்த பிறகு, ஷட்டரை மூடியபடி இன்னொரு 30 விநாடி அது இருட்டையே எடுத்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் காத்திருக்கும். லுமினாலின் நீல ஒளியோ அரை நிமிடத்திலேயே மங்க ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த படத்துக்குக் கேமரா தயாராகும்போது சுவரில் ஒன்றும் இருக்காது. அதை அணைத்துவிட வேண்டும்.

பழைய நெகட்டிவ்

மறுபடி தெளித்தால் ஒளிரும், ஆனால் ஒவ்வொரு தெளிப்பிலும் ரத்தம் நீர்த்து ஒழுகும், கறையின் வடிவம் கலைந்துபோகும். அதனால் முதல் தெளிப்பிலேயே படம் கிடைத்தாக வேண்டும். இன்னொன்று: நீல ஒளி மட்டும் இருட்டில் மிதந்தால் அது எந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியாது. அதே எக்ஸ்போஷரில், ஃபிளாஷை மிகக் குறைந்த பவரில் கூரையில் அடித்து அறையும் மங்கலாகப் பதியும்படி செய்ய வேண்டும். லுமினால் ஒளிர்ந்தால் ரத்தம் என்று முடிவு கட்டவும் கூடாது. பிளீச்சிங் பவுடர், துரு, செம்பு எல்லாம் ஒளிரும். படத்தின் கீழே ‘ரத்தக் கறை’ என்று எழுதுவது நம் வேலை இல்லை, அது லேப் சொல்ல வேண்டியது.

இரவு விபத்துக்கும் இருட்டு உதவும். ஒரு ஃபிளாஷ் எவ்வளவு தூரம் போகும் என்பது கணக்கு. ஃபிளாஷின் வலிமையைக் குறிக்கும் கைடு நம்பர் 40 என்றால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8இல் 5 மீட்டர். அதற்கு மேல் கறுப்பு. அதனால் டிரைபாடில் பல்பு மோடில் ஷட்டரைத் திறந்து வைத்து, சாலையோரமாக நடந்துகொண்டே ஐந்தாறு இடத்தில் ஃபிளாஷ் அடிப்போம். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் உதவியாள் தொப்பியால் லென்ஸை மூடுவார். ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவில் உங்கள் உடம்பு வரக் கூடாது, வந்தால் நிழலுருவமாக நீங்களும் சாட்சி ஆகிவிடுவீர்கள்.

கரூர் கேமரா

ராத்திரியில் மண்டப முகப்பை இப்படி எடுத்திருக்கிறேன்! விபத்துக்கு இதைச் செய்யலாம் என்று தோன்றவில்லை.

புது லத்தி

வணக்கம். பயிற்சியில் இருக்கிறேன். எங்களுக்கு எல்லாம் போன்தான். அதில் செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

மேக்ரோ மாலா

தம்பி, போனில் மூன்றைக் கவனியுங்கள். கிட்டே போனால் பல புதுப் போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், விளிம்புகள் இழுபடும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். அழகுபடுத்துவது, காட்சியைக் கண்டுபிடித்து நிறம் கூட்டுவது, எல்லாவற்றையும் அணையுங்கள். ரத்தச் சிவப்பு உண்மைக்கு மேல் சிவந்து நிற்கும். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் முதலான உள் விவரங்களும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். முடிந்தால் அனுப்பாதீர்கள்.

குறுக்கு விசாரணை

வக்கீல் வந்துவிட்டேன். மாலா மேடத்தின் கடைசி வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அடித்து ஒட்ட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி சோதனை, கைப்பற்றுதல் இரண்டையும் ஒலி, ஒளியோடு பதிய வேண்டும். 176(3)ஆம் பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து சேகரிப்பதையும், அதை வீடியோ எடுப்பதையும் சொல்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு.

கரூர் நண்பருக்கு முக்கியமானது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று பேசிக்கொண்டிருந்தோமே, அதன் இடத்தில் வந்தது. மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் வைத்தால் அதோடு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: கருவியைக் கையாண்டவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது இன்னொன்று. கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பில் இருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்ணையும், எழுத வேண்டும். எஸ்.எச்.ஏ. 256 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கோப்பில் ஒரு பிக்சல் மாறினாலும் அந்த மதிப்பு முழுக்க மாறிவிடும். அதனால் கார்டில் இருந்து கணினிக்கு இறக்கிய உடனே ஹேஷ் எடுத்துக் குறித்துவிடுங்கள். கார்டை அடுத்த கல்யாணத்துக்காக ஃபார்மேட் அடிக்காதீர்கள், உறையில் போட்டு ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குங்கள். சாட்சியாக நீங்கள் வர வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

பாலியல் குற்றம் என்றால் இன்னும் கவனம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். ‘நண்பர்கள் குரூப்பில்தான் போட்டேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

கரூர் கேமரா

சார், அப்படியென்றால் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் தொடவே கூடாதா? இருட்டாக வந்ததைக் கொஞ்சம் தூக்கக் கூடவா?

குறுக்கு விசாரணை

மூலக் கோப்பைத் தொடக் கூடாது. நகலில் செய்யலாம். என்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுதி வையுங்கள், அதே மூலத்தில் இருந்து இன்னொருவர் அதே படத்தை மறுபடி செய்து காட்ட முடிய வேண்டும். படம் முழுக்க வெளிச்சம், கான்ட்ராஸ்ட் மாற்றுவதை விளக்கிவிடலாம். ஒரு மூலையை மட்டும் மாற்றினால் நான் கேள்வி கேட்பேன். செயற்கை நுண்ணறிவை வைத்து மங்கலைத் தெளிவாக்கினால் விடவே மாட்டேன், இல்லாத கோட்டை அது வரைந்துவிடும்.

விண்மீன் வேட்டை

ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) மற்றும் ஜேபெக் இரண்டிலும் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரா கோப்பில் எந்த எடிட்டரும் பொதுவாக உள்ளே எழுதுவதில்லை, பக்கத்தில் தனிக் கோப்பாகத்தான் மாற்றத்தைக் குறித்து வைக்கும்.

கொக்கு பறக்குது

பறவைக்காரனும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. காட்டில் புலிகளை எண்ணத் தானியங்கிக் கேமரா வைப்பார்கள். பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு வைப்பது ஏன் தெரியுமா? ஒரே புலிக்கு இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவார்கள். படம் அழகாக இருக்க வேண்டிய தேவையே இல்லை, புலி பாதி தலை இல்லாமல் போனாலும் விலாவில் கோடு தெரிந்தால் போதும். பழைய நெகட்டிவ் அண்ணன் பேசுகிற மொழி எனக்கு அங்கேதான் புரிந்தது.

கரூர் கேமரா

எல்லோருக்கும் நன்றி. அட்டை, குறிப்பேடு, குடை எல்லாம் பையில் சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று. ஸ்கேல் என்று சொல்கிறீர்களே, கடையில் விற்கிற ஸ்டீல் ஸ்கேல் போதுமா? எல் வடிவத்தில் ஒன்று படத்தில் பார்த்தேன்.

பழைய நெகட்டிவ்

ஸ்டீல் ஸ்கேல் ஃபிளாஷில் மின்னும், கோடுகள் வெள்ளையாகப் போய்விடும். மேட் பரப்பு உள்ளதாக இருக்க வேண்டும். எல் வடிவ ஸ்கேல் எதற்கு என்றால் நீளம், அகலம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அளவு கிடைக்கும். அதில் மூலையிலும் முனைகளிலும் வட்டங்கள் இருக்கும் பாருங்கள். படத்தில் வட்டம் முட்டையாகத் தெரிந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே திருத்தி மறுபடி எடுத்துவிடலாம். பல் தடம், காயம் அளக்க அமெரிக்காவில் உருவாக்கியது, இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

மேக்ரோ மாலா

இணையத்தில் இருந்து இறக்கி நாமே பிரிண்ட் போடுகிறவர்கள், பிரிண்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் தாளின் ஓரத்துக்கு இடம் விட ஸ்கேலையே சில சதவீதம் சுருக்கிவிடும். போட்ட பிறகு வெர்னியரை வைத்து 10 செ.மீ. இடத்தைச் சரிபாருங்கள். லேமினேஷன் வேண்டாம், பளபளக்கும்.

கரூர் கேமரா

வெர்னியர் பக்கத்து லேத் பட்டறையில் இருக்கிறது. நாளைக்கே போட்டுச் சரிபார்த்துவிடுகிறேன்.